‘யா’ என்று முடியும் பெயர்: பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு



வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டால், தாயும் சேயும் வீடு வந்து சேருவதற்குள் பெயரைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அப்பத்தா ஒரு பெயர் சொல்கிறார். அம்மாச்சி வேறொரு பெயர் சொல்கிறார். சித்தப்பா கைப்பேசியில் தேடிப் பத்துப் பெயர்களை அனுப்புகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழந்தையின் பெற்றோர் ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறார்கள்: “எந்தப் பெயரானாலும் சரி, ‘யா’ என்று முடிய வேண்டும்.”

இப்படிக் கேட்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூத்தவளின் பெயர் ‘யா’ என்று முடிகிறது, இளையவளின் பெயரும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒன்று. அந்த ஓசை காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பது இரண்டாவது. எண் கணிதம் பார்ப்பவர் அப்படிச் சொன்னார் என்பது மூன்றாவது. இவற்றுள் எது சரி, எது சரியல்ல? கத்தோலிக்கப் பெற்றோர் ஓசையைப் பார்த்துப் பெயர் வைக்கலாமா? இதைப் பற்றி நாம் சற்றுச் சிந்திப்போம்.

அழைப்பதற்கே பெயர்

நம் மறைமாவட்டத்தின் செட்டிநாட்டுப் பகுதியில், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் போன்ற ஊர்களில் பெண்களுக்கு வழங்கும் பழைய பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். வள்ளியம்மை, தேனம்மை, மெய்யம்மை, அழகம்மை என்று ‘அம்மை’யில் முடிபவை ஒரு வகை. மீனாள், உமையாள் என்று ‘ஆள்’ என முடிபவை இன்னொரு வகை. பள்ளத்தூரில் உள்ள மகளிர் கல்லூரியே சீதாலட்சுமி ஆச்சி என்ற பெண்மணியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ‘ஆச்சி’ என்பது மரியாதைக்காகப் பெயரோடு சேர்வது.

ஏட்டில் எழுதும் பெயர் வேறு, வாயால் அழைக்கும் பெயர் வேறு. மீனாள் என்று எழுதுவோம். தெருவில் விளையாடும் பிள்ளையை ‘மீனா’ என்றுதான் கூப்பிடுவோம். உமையாள், கூப்பிடும்போது ‘உமையா’ ஆகிறாள். அழைக்கும்போது பெயரின் கடைசி ஓசை மாறுவது தமிழின் இயல்பு. தொல்காப்பியத்தில் இதற்கென்றே ‘விளிமரபு’ என்ற தனி இயல் இருக்கிறது. ‘ஆ’ என்ற ஓசைக்கு வாய் அகலத் திறக்கிறது. குரல் தூரம் போகிறது. அம்மா, அக்கா, ஐயா, ஆயா என்று நாம் அன்போடு அழைக்கும் உறவுச் சொற்கள் பலவும் இப்படித்தான் முடிகின்றன. ஆகவே ‘யா’ என்று முடியும் பெயரை ஒரு தாய் விரும்புகிறார் என்றால் அதில் வியப்பில்லை. தன் பிள்ளையை வாய் நிறைய அழைக்க விரும்புகிறார். அது குற்றமல்ல.

பள்ளத்தூரில் வளர்ந்த ஒரு கலைஞரை நாம் எல்லாரும் அறிவோம். மன்னார்குடியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. சிறு வயதில் நாடக மேடை அவரைப் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்றது. பின்பு அதே நாடக உலகம் ‘மனோரமா’ என்ற பெயரைத் தந்தது. 2015-இல் அவர் மறைந்தபோது தமிழகமே அவரை ‘ஆச்சி’ என்று சொல்லி அழுதது. பெற்றோர் தந்தது ஒன்று, ஊர் தந்தது ஒன்று, மேடை தந்தது ஒன்று, மக்களின் அன்பு தந்தது ஒன்று. அவரை உயர்த்தியது எந்தப் பெயரின் கடைசி எழுத்தும் அல்ல. வாழ்நாளெல்லாம் அவர் உழைத்த உழைப்பே அந்தப் பெயர்களுக்கு மதிப்பைத் தந்தது.

நம் முன்னோர் கண்ட வழி

விசுவாசம் நம் மண்ணுக்கு வந்தபோது, புனிதர்களின் பெயர்கள் இலத்தீன், போர்த்துக்கீசிய ஓசையோடுதான் வந்தன. நம் முன்னோர் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சில பெயர்களின் பொருளைத் தமிழாக்கினார்கள். பவுல் என்ற பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள். அவர் நமக்குச் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற பெயருக்குள் ஆண்டவரின் அருள் இருக்கிறது. அவர் அருளப்பர் ஆனார். வீரமாமுனிவர் தமது தேம்பாவணியில் சூசையப்பருக்கு ‘வளன்’ என்றும், திருமுழுக்கு யோவானுக்குக் ‘கருணையன்’ என்றும் பெயர் சூட்டினார். ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இரத்தம் சிந்திய புனித ஜான் தெ பிரிட்டோ, நம் மக்களுக்கு அருளானந்தர்.

வேறு சில பெயர்களுக்கு நம் முன்னோர் தமிழ் முடிவு கொடுத்தார்கள். சவேரியாரின் பெயரைத் தாங்கிய பெண் சவேரியம்மாள். அந்தோணியாரின் பெயரைத் தாங்கியவர் அந்தோணியம்மாள். சூசையப்பரின் பெயரால் சூசையம்மாள். ‘அருள்’ என்பதோடு ‘ஆயி’ சேர்ந்து அருளாயி. அன்னை மரியாவின் திருத்தலங்கள் பெருகியபோது ‘மேரி’ என்ற முடிவு பெருகியது. வேளாங்கண்ணியால் ஆரோக்கியமேரி, ஏலாக்குறிச்சியால் அடைக்கலமேரி, லூர்து நகர்க் காட்சிகளுக்குப் பின் லூர்துமேரி. ஒவ்வொரு பெயரும் ஒரு குடும்பத்தின் நேர்ச்சையை, ஒரு திருப்பயணத்தை, ஒரு நன்றியைச் சொல்கிறது.

இவற்றுள் ஒரு பெயரை மட்டும் சற்று உற்றுப் பார்ப்போம். ‘மரியா’ என்ற பெயரோடு ‘ள்’ சேர்த்து ‘மரியாள்’ என்றார்கள் நம் முன்னோர். உமையாள் போலவே மரியாள்! கூப்பிடும்போது மறுபடியும் ‘மரியா’. எனவே ‘யா’ என்று முடியும் பெயர் நேற்று வந்த நாகரிகம் அல்ல. ஆயிரமாயிரம் கிறிஸ்தவ வீடுகளில் அந்த ஓசை ஏற்கெனவே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் இதையே காண்கிறோம். தெரேசா என்ற பெயர் அவர்கள் நாவில் ‘திரேசியா’ ஆயிற்று. 1876-இல் புத்தன்சிறையில் பிறந்த மரியம் திரேசியாவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் புனிதராக உயர்த்தினார். அதே தெரேசா நம் ஊர்களில் தெரசம்மாள். புனிதர் ஒருவரே, முடிவு மட்டும் அந்தந்த மண்ணின் முடிவு.

புதிதாக விசுவாசத்தைத் தழுவியவர்களும் இவ்வாறே பெயர் பெற்றார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், இலாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் தாங்கித் ‘தேவசகாயம்’ ஆனார். அவர் மனைவி பார்கவி ‘ஞானப்பூ’ ஆனார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருச்சபை தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, உலகமெங்கும் ஒலித்தது அந்தத் தமிழகத் திருமுழுக்குப் பெயர்தான்.

விவிலியம் காட்டும் ‘யா’

பெயரின் கடைசி ஓசையைக் கடவுளே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று திருவிவிலியத்தில் இருக்கிறது. ஆபிரகாமின் மனைவியை இனிமேல் சாராய் என்று அழைக்க வேண்டாம், சாரா என்று அழை என்கிறார் ஆண்டவர் (தொநூ 17:15). ஓசையில் மாற்றம் சிறியதே. ஆனால் அதைத் தொடர்ந்து வருவது, அவர் மக்களினங்களுக்குத் தாயாவார் என்ற வாக்குறுதி. ஓசை மாறியதால் வாழ்வு மாறவில்லை. வாழ்வை மாற்றவிருந்த ஆண்டவர், அதன் அடையாளமாகப் பெயரை மாற்றினார். இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

எபிரேய மொழியில் ‘யா’ என்ற முடிவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது ஆண்டவரின் திருப்பெயரின் சுருக்கம். எசாயா, எரேமியா, செக்கரியா என்ற பெயர்களில் இருப்பது அதுவே. ‘அல்லேலூயா’ என்று நாம் பாடும்போது முடிவில் சொல்வதும் அதுவே. ஆனால் ‘யா’ என்று முடியும் எல்லாப் பெயர்களிலும் இந்தப் பொருள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மரியா என்பது மிரியாம் என்ற எபிரேயப் பெயரின் கிரேக்க, இலத்தீன் வடிவம். அதிலுள்ள ‘யா’ வேறு. பிரியா, வித்யா போன்ற பெயர்களில் உள்ள ‘யா’ வடமொழிப் பெண்பால் முடிவு.

இன்னொரு செய்தியும் உண்டு. யூதாவை ஆண்ட அரசி ஒருவரின் பெயர் அத்தலியா. அவர் பெயரின் முடிவில் ஆண்டவரின் திருப்பெயரே இருந்தது. ஆனால் அவர் செய்தது என்ன? அரச குடும்பத்தின் பிள்ளைகளையே கொல்ல எழுந்தார் (2 அர 11:1). நாவுக்கு இனிய ஓசை, கடவுளின் பெயரைத் தாங்கிய முடிவு, இருந்தும் வாழ்வோ கொடுமை. மாறாக, லீதியாள் என்ற வணிகப் பெண்ணைப் பாருங்கள். தியத்திரா நகரைச் சேர்ந்தவர். செந்நிறத் துணி விற்றவர். ஊர் பெயரையும் தொழிலையும் தவிர அவர் பெயரில் ஆழ்ந்த பொருள் ஒன்றையும் விவிலியம் சொல்லவில்லை. ஆனால் பவுலின் சொல்லுக்கு ஆண்டவர் அவர் உள்ளத்தைத் திறந்தார். அவரும் அவர் வீட்டாரும் திருமுழுக்குப் பெற்றார்கள் (திப 16:14-15). இன்று லிடியா என்று பெயர் வைக்கும் பெற்றோர், வணிகத்துக்குப் பெயர்பெற்ற நம் செட்டிநாட்டில் இந்தப் பெண்ணின் கதையைத் தம் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பெண் குழந்தையை வரவேற்கும் பெயர்

பெயரில் ஓசையை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பெண் குழந்தையை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோமா?

நம் தமிழகத்தில் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைத்த வழக்கத்தை நாம் அறிவோம். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற எண்ணத்தில் வைக்கப்பட்ட பெயர்கள் அவை. பள்ளியில் வருகைப் பதிவேட்டை ஆசிரியர் வாசிக்கும் ஒவ்வொரு காலையிலும், ‘நீ வேண்டாம்’ என்பதையே அந்தச் சிறுமி கேட்க வேண்டியிருந்தது. மகாராட்டிர மாநிலத்திலும் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் ‘நகுசா’ என்ற பெயர் வழங்கியது. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் இப்பெயர் கொண்ட 285 சிறுமியருக்கு அரசு நிர்வாகமே விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது.

ரூத்து நூலில் நகோமியைப் பார்க்கிறோம். கணவரையும் இரு புதல்வரையும் இழந்து ஊர் திரும்பிய அவர், தம்மை இனி ‘மாரா’ என்று அழைக்கும்படி சொல்கிறார் (ரூத்து 1:20). மாரா என்றால் கசப்பு. கேட்பதற்கு இனிமையான ஓசை, பொருளோ கண்ணீர். ஆனால் விவிலியம் அதற்குப் பிறகும் அவரை நகோமி என்றே அழைக்கிறது. துன்பம் இட்ட பெயரைக் கடவுளின் நூல் ஏற்றுக்கொள்ளவில்லை.

யோபு நூலின் முடிவு இன்னும் வியப்பானது. துன்பமெல்லாம் தீர்ந்தபின் யோபுக்கு ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறக்கிறார்கள். அந்தப் புதல்வரின் பெயர் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை. புதல்வியரின் பெயர்கள் மட்டும் சொல்லப்படுகின்றன. சகோதரரோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு தரப்பட்டதாகவும் எழுதப்பட்டிருக்கிறது (யோபு 42:13-15). அவர்களுள் இரண்டாமவள் பெயர் கெட்சியா. நம் சமையலறையில் மணக்கும் பட்டையைப் போன்ற நறுமணப் பட்டை ஒன்றின் பெயர் அது. ‘யா’ என்று முடியும் பெயரைத் தேடும் பெற்றோருக்கு விவிலியம் வைத்திருக்கும் பெயர் இது. மகளுக்கு அழகான பெயரை மட்டும் தந்து, படிப்பிலும் சொத்திலும் பங்கு தராமல் விட்டால், யோபு செய்ததில் பாதியைத்தான் நாம் செய்கிறோம்.

திருச்சபை என்ன கேட்கிறது?

புனிதரின் பெயர் இல்லாவிட்டால் திருமுழுக்குத் தர மாட்டார்கள் என்று இன்றும் சிலர் எண்ணுகிறார்கள். 1917-இல் வெளியான பழைய திருச்சபைச் சட்டம் (எண் 761), கிறிஸ்தவப் பெயர் வைக்கப் பங்குக்குரு முயல வேண்டும் என்றும், பெற்றோர் இசையாவிட்டால் அவர்கள் வைத்த பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கூறியது. 1983-ஆம் ஆண்டின் இன்றைய சட்டம் (எண் 855) கேட்பது வேறு. கிறிஸ்தவ உணர்வுக்குப் பொருந்தாத பெயர் வைக்கப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் கவனமாயிருக்க வேண்டும் என்கிறது. புனிதர் பெயரையோ, கிறிஸ்தவ மறைபொருள் ஒன்றையோ, நற்பண்பு ஒன்றையோ பெயராக வைக்கலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2156) விளக்குகிறது.

அப்படியானால் திவ்யா என்று வைக்கலாமா? ‘திவ்விய நற்கருணை’ என்று காலங்காலமாகச் சொல்லிவரும் நமக்கு அந்தச் சொல் அந்நியமா? நித்யா என்பதில் நாம் மன்றாடும் நித்திய வாழ்வு இருக்கிறது. தயா என்பதில் இரக்கம் இருக்கிறது. இவை கிறிஸ்தவ உணர்வுக்கு மாறானவை அல்ல. பிள்ளைக்குப் பாதுகாவலராக ஒரு புனிதரையும் தேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

ஆனால் மூன்றாவது காரணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எண் கணிதம் பார்த்து, பெயரின் முடிவில் ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ கூட்டுவதும் ஒரு ‘ஹெச்’ சேர்ப்பதும் நம் விசுவாசத்தோடு ஒத்துப்போகாது. சோதிடமும் குறி கேட்பதும் கடவுளுக்கு மட்டுமே உரிய நம்பிக்கையை வேறிடத்தில் வைப்பதாகும் என்று மறைக்கல்வி (எண் 2116) எச்சரிக்கிறது. நம் மகளின் எதிர்காலம் ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அது அவளைப் படைத்தவரின் கையில் இருக்கிறது.

பெற்றோர் கவனத்திற்குச் சில

1. முதலில் பொருளைப் பாருங்கள். பிறகு ஓசையைப் பாருங்கள். தந்தை பெயரில் ஓர் எழுத்தும் தாய் பெயரில் ஓர் எழுத்தும் எடுத்து ‘யா’ சேர்த்தால் ஒரு பெயர் கிடைத்துவிடும். ஆனால் நாளை பிள்ளை, “என் பெயருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

2. ‘யா’ என்றே வேண்டுமானால் திருச்சபையின் கருவூலம் நிறைந்திருக்கிறது. மரியா, சிசிலியா, லூசியா, லிடியா, யூலியா, சோபியா, திரேசியா, எவுப்பிராசியா, கெட்சியா. இவர்களுள் எவுப்பிராசியா 2014-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கேரளத்துத் துறவி. வைக்கும் பெயர் யாருடையதோ, அவரின் வரலாற்றை வீட்டில் அனைவரும் தெரிந்துகொள்ளுங்கள்.

3. பாட்டியின் பெயரை ஒதுக்கிவிட வேண்டாம். பெயரைத் தாங்குபவள் என்பதால்தான் ‘பெயர்த்தி’. அதுவே பேச்சில் பேத்தி. சவேரியம்மாள் என்பது பழைய பெயராகத் தோன்றினால், அந்த அப்பத்தாவின் புனிதர் பெயரையாவது பேத்தியின் பெயரோடு இணைக்கலாம்.

4. தாயின் சொல்லைக் கேளுங்கள். குழந்தைக்கு யோவான் என்று பெயரிட வேண்டும் என்று எலிசபெத்து சொன்னபோது, உறவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே என்று சுற்றத்தார் மறுத்தார்கள். செக்கரியாவோ பலகையில் எழுதி, மனைவி சொன்னதையே உறுதி செய்தார் (லூக் 1:59-63). சுமந்து பெற்றவரின் விருப்பம் கடைசியில் கேட்கப்படுவதாக இருக்கக் கூடாது.

5. எல்லாப் பதிவுகளிலும் ஒரே பெயர் இருக்கட்டும். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் என்றால், திருமண ஓலை வாசிக்கும் நாளில் அந்தப் பெண்தான் அலைய வேண்டியிருக்கும். எனவே இரண்டிலும் ஒரே பெயரை, ஒரே எழுத்துகளில் எழுதுங்கள். பங்கு அலுவலகத்துக்கு வரும்போது பிறப்புச் சான்றிதழின் நகலைக் கொண்டுவாருங்கள்.

பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர்

திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் கேட்கும் முதல் கேள்வியே, பிள்ளைக்கு என்ன பெயர் என்பதுதான். புனிதர்களின் மன்றாட்டு மாலையில் குழந்தையின் பாதுகாவலரான புனிதரின் பெயரையும் சேர்த்து மன்றாட இடமுண்டு. தண்ணீர் ஊற்றும் வேளையில் குலப்பெயரோ பட்டப்பெயரோ சொல்லப்படுவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் சொல்லப்படுகிறது. பின்பு உறுதிபூசுதலில், திருமணத்தில், நோயில் பூசுதலில், இறுதியாக அடக்கத் திருப்பலியில் என்று வாழ்நாள் முழுவதும் திருச்சபை அவளை அந்தப் பெயரால்தான் அழைக்கும்.

தம் மக்களைப் பெயர் சொல்லி அழைத்ததாகவும், அவர்கள் தமக்கே உரியவர்கள் என்றும் ஆண்டவர் எசாயா வழியாக உரைக்கிறார் (எசா 43:1). பெயர் ‘யா’ என்று முடிந்தாலும், ‘மேரி’ என்று முடிந்தாலும், ‘அம்மாள்’ என்று முடிந்தாலும், அழைப்பவர் அவரே. ஆகவே பெயர் தேடும் பெற்றோரே, பட்டியலைக் கையில் எடுக்குமுன் இருவரும் குழந்தையின் அருகில் அமர்ந்து ஒரு சிறு செபம் சொல்லுங்கள். இந்த மகளைத் தந்ததற்காக நன்றி கூறுங்கள். அதன்பின் தேர்ந்தெடுக்கும் பெயரில், நீ எங்களுக்கு வேண்டியவள் என்ற செய்தி அவளுக்கு என்றும் கேட்கும்.

நம் இல்லங்களில் பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தையையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!